கடதாசியில் 480, ஓடுபாதையில் எத்தனை?

எங்கள் ஊரில் ஒரு காரின் குதிரைவலு, காரைத் தொடாமலே கூடிக்கொண்டு போகும். மச்சானின் சிவிக் டைனோவில் (சில்லை றோலரில் சுற்றவைத்து வலு அளக்கிற இயந்திரம்) ஓடி முடிந்தபோது 463. கடதாசி அச்சாகி வரும்போது 480. முகநூலில் ஏறும்போது 496. கோண்டாவில் தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீ ஆறுவதற்குள் "கிட்டத்தட்ட 600 மச்சான்". பகிடி என்னவென்றால், இதில் ஒன்றைக்கூட பச்சைப் பொய் என்று தள்ள முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தெரியாமல் ஓடுபாதைக்குப் போனால், கார் ஏன் இப்படி ஓடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கார் ஹொண்டா ஈ.கே. சிவிக். பி18 எஞ்சின், ரேர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற விசிறி), 95 ஒக்டேன் பெற்றோல், அதோடு தண்ணீர்-மெதனோல் தெளிக்கிற ஏற்பாடு. ஆள் ஏறி இருந்தால் 1120 கிலோ. முன் சில்லு இழுக்கிற கார் என்பதை இப்போதே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். ஓடுவது மச்சான். எஞ்சின் கட்டியது எங்கள் கராஜ் அண்ணை. பெற்றோல் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில், கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஏ40 ஓட்டின குடும்பத்தில் வந்த மனுசன். காதால் கேட்டே எந்த சிலிண்டர் சரியில்லை என்று சொல்லிவிடுவார். கடதாசியை அவ்வளவாக நம்பமாட்டார். என் வேலை வயரிங், கணினி, லொக் பார்ப்பது. லொக் என்றால், ஓடும்போது எஞ்சின் கணினி பதிந்து வைக்கிற விபரம்: எத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), எவ்வளவு பூஸ்ட் (ரேர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம்), உள்ளே போகும் காற்றின் வெப்பம், திறொட்டில் எவ்வளவு திறந்தது, எல்லாம்.

டைனோவுக்கு காரை லொறியில் ஏற்றி ஏ9 வழியாகக் கொழும்புப் பக்கம் கொண்டு போனோம். றோலரில் ஏற்றி, பட்டியால் இறுக்கி, நாலாம் கியரில் போட்டு, 3000-இலிருந்து 8200 வரை ஒரே இழுவை. முடிந்ததும் இயக்குகிற பெடியன் திரையில் ஒரு சின்னப் பட்டியலைத் திறந்தான். அதில் மூன்று தெரிவுகள்: திருத்தம் இல்லை, எஸ்.ஏ.ஈ., எஸ்.டீ.டீ. முதலாவதை அமர்த்தினால் 463. இரண்டாவதை அமர்த்தினால் 480. மூன்றாவது 496. கார் அசையவில்லை, ஃபேன்கூட நின்றுவிட்டது. மச்சானின் முகம் மட்டும் ஒவ்வொரு தரமும் மலர்ந்தது.

விஷயம் இதுதான். சூடான, ஈரமான காற்றில் ஒட்சிசன் குறைவு, அதனால் எஞ்சினின் வலுவும் குறையும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில் ஓடிய கார்களை ஒப்பிட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். எஸ்.ஏ.ஈ. ஜே1349 முறை 25 பாகை வெப்பம், 990 மில்லிபார் உலர் காற்று என்று எடுத்துக்கொள்கிறது. பழைய எஸ்.டீ.டீ. முறை கிட்டத்தட்ட 15.5 பாகை, 1013 மில்லிபார். அன்றைக்குக் கொட்டிலுக்குள் 33 பாகை, ஈரப்பதன் 70 வீதம். அதனால் எஸ்.ஏ.ஈ. முறையில் ஏறத்தாழ 3.7 வீதமும், எஸ்.டீ.டீ. முறையில் 7 வீதத்துக்கு மேலும் கூட்டிக் கொடுத்தது. அந்த 15.5 பாகைக் காற்று யாழ்ப்பாணத்துப் பகலில் எந்த மாதத்திலும் வீசாது. அப்படியிருக்க 496 என்பது இந்த மண்ணில் ஒருநாளும் ஓடாத ஒரு காரின் இலக்கம்.

ரேர்போ காருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தத் திருத்தங்கள் காற்றைத் தானாக இழுக்கிற எஞ்சினை நினைத்துச் செய்யப்பட்டவை. ரேர்போவில் வேஸ்ற்கேற் என்கிற வால்வு ஒரு குறிப்பிட்ட பூஸ்டைப் பிடித்து வைத்திருக்கும். வெளிக்காற்று கொஞ்சம் மெல்லிசாக இருந்தால் ரேர்போ கொஞ்சம் கூடச் சுற்றி அதில் ஒரு பங்கை ஈடு செய்துவிடும். ஏற்கெனவே ஈடு செய்ததற்கு மேல் திருத்தமும் கூட்டினால் இலக்கம் ஊதிப்போகும். அதனால் ரேர்போ காருக்கு நான் திருத்தம் இல்லாத இலக்கத்தைத்தான் முதலில் கேட்பேன்.

கடைசி 600 எங்கிருந்து வந்தது? 496-ஐ 0.85-ஆல் வகுத்தால் 583. சில்லில் அளந்ததை எஞ்சினுக்குக் கொண்டுபோக "15 வீதம் இழப்பு" என்று ஊர் முழுக்க ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. கியர்பொக்ஸுக்கு கியர்பொக்ஸ், ரயருக்கு ரயர் மாறுகிற ஒன்றுக்கு ஒரே வீதம் என்பது வெறும் ஊகம். 583-ஐ 600 ஆக்கியது தேத்தண்ணிக் கடை.

சரி, யாராவது டைனோ கடதாசியை நீட்டினால் எதைப் பார்ப்பது? எந்தத் திருத்தம், எந்த கியர், எவ்வளவு பூஸ்ட், உள்ளே போன காற்றின் வெப்பம். இந்த நாலும் இல்லாத கடதாசி சுவரில் ஒட்டத்தான் உதவும். அப்புறம் ஒரு சின்னச் சோதனை: குதிரைவலு என்பது முறுக்குவிசையை ஆர்.பி.எம்.-ஆல் பெருக்கி 5252-ஆல் வகுத்தது. ஆகவே முறுக்குவிசை இறாத்தல்-அடியில் இருந்து, இரண்டுக்கும் ஒரே அளவுகோல் போட்டிருந்தால், இரண்டு கோடுகளும் சரியாக 5252-இல் வெட்ட வேண்டும். வெட்டவில்லை என்றால் அந்தக் கடதாசியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். விற்பனைக்கு வருகிற கார்களின் கடதாசியில் இதை ஒருக்கால் பாருங்கள். 2020-இல் வாகன இறக்குமதி நின்று, 2025-இல் திரும்பத் திறக்கும் வரை பழைய சிவிக், எவோ (மிற்சுபிசி லான்சர்) எல்லாம் தங்க விலையாக இருந்தன. கடதாசிக்கும் சேர்த்துத்தான் விலை சொன்னார்கள்.

இனி ஓடுபாதை. இலங்கையில் டிராக் ஓட்டத்துக்கென்றே (நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் கால் மைல் ஓடுகிற போட்டி) பசை பூசித் தயார்படுத்திய பாதையை எதிர்பார்க்க முடியாது. களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்தை மாதிரி, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் போட்ட விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயம் வைக்கிற நாடு இது. அப்படியான ஒரு தார்ப் பாதைக்குத்தான் நாங்களும் காரைக் கொண்டு போனோம். மணலும் சல்லியுமாக இருந்ததை எங்கள் பெடியள் தும்புத்தடியால் கூட்டினார்கள்.

முதல் நாளின் நல்ல ஓட்டம்: கால் மைல் 12.9 செக்கன், முடிவில் 203 கிலோமீற்றர் வேகம். முதல் 60 அடிக்கு மட்டும் 2.6 செக்கன். பக்கத்தில் நாலு சில்லும் இழுக்கிற ஒரு எவோ. அதன் கடதாசி எங்களுடையதை விட 100 குறைவு. அது 12 செக்கனில் போய் முடிந்து, திரும்பி வந்து, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டும் போனது. "கடதாசியில 480 இருக்கு, ஓடேக்க எங்க போச்சு?" என்று மச்சான் கேட்டான். அண்ணை வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ரயர் தின்றிட்டுது" என்றார்.

அவர் சொன்னதை இலக்கத்தில் பார்ப்போம். டிராக் ஓட்டத்தில் இரண்டு இலக்கங்களைத் தனித்தனியாக வாசிக்கப் பழக வேண்டும். எடுத்த நேரம் என்பது நீங்கள் எப்படிக் கிளம்பினீர்கள் என்பதைச் சொல்கிறது. முடிவு வேகம் எஞ்சினில் உண்மையில் எவ்வளவு வலு இருந்தது என்பதைச் சொல்கிறது. கிளம்பும்போது ஒரு கணம் சில்லு சுற்றி நின்றால் நேரம் நாசமாகிவிடும், ஆனால் முடிவு வேகம் அவ்வளவாக விழாது. அதனால்தான் பழைய ஆட்கள் முடிவு வேகத்தை வைத்தே வலுவைக் கணக்கிடுவார்கள்: காரின் நிறையை இறாத்தலில் எடுத்து, மணிக்கு மைல் வேகத்தை 234-ஆல் வகுத்து, அந்த விடையை அதாலேயே இரண்டு தடவை பெருக்கி (மூன்றாம் அடுக்கு), நிறையோடு பெருக்குவது. எங்கள் 1120 கிலோ ஏறத்தாழ 2470 இறாத்தல். 203 கிலோமீற்றர் என்பது 126 மைல். கணக்குப் போட்டால் 385 குதிரை. 463 குதிரை முழுவதும் நிலத்தில் இறங்கியிருந்தால் 215 கிலோமீற்றரில் முடிந்திருக்க வேண்டும். இது அனுபவத்தில் வந்த சூத்திரம், அடுத்தவன் காரோடு சண்டைக்குப் போக உதவாது. ஆனால் உங்கள் காரை உங்கள் காரோடேயே ஒப்பிட இதைவிட மலிவான டைனோ கிடையாது.

ஆக, நேரமும் மோசம், வேகமும் குறைவு. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் நேரம். முன் சில்லு இழுக்கிற கார் கிளம்பும்போது பாரம் பின்னுக்குப் போகிறது. நிற்கும்போது முன்னுக்கு 60 வீதம் பாரம் என்றால், வேகமெடுக்க எடுக்க அது குறைந்துகொண்டே வரும், இழுக்க வேண்டிய சில்லிலேயே பிடிப்புக் குறையும். சிவிக்கின் முன் பின் சில்லுகளுக்கு இடைத்தூரம் 2.62 மீற்றர். பாரத்தின் மையம் அரை மீற்றர் உயரத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, நல்ல ரயர், நல்ல தார் என்று கணக்குப் போட்டால், இந்தக் கார் புவியீர்ப்பு வேகவளர்ச்சியின் பாதிக்கு மேல் எடுக்கவே முடியாது. கடவுளே வந்து ஓட்டினாலும் அவ்வளவுதான். அந்த இழுவையைக் கொடுக்க 60 கிலோமீற்றர் வேகத்தில் எத்தனை குதிரை தேவை? ஏறத்தாழ 125. நூறு கிலோமீற்றர் வேகத்தில்? 206. மிச்சமெல்லாம் ரயரைப் புகையாக்கத்தான். தோட்டத்துக் கிணற்றில் இரண்டு இஞ்சி மோட்டார் பூட்டிவிட்டு அரை இஞ்சிக் குழாயால் தண்ணீர் விடுகிற கதை. மோட்டாரைப் பெரிதாக்கினால் குழாய்தான் வெடிக்கும்.

இந்த 125 என்ற இலக்கம் எனக்கு அந்த 480-ஐ விடப் பெறுமதியானது. முதலாம் கியர் 67 கிலோமீற்றர் வரைக்கும்தான் போகும். அந்த கியர் முழுக்க ரயர் கேட்பது 140 குதிரைகூட இல்லை. நாங்களோ கிளச்சை விட்ட கணத்திலிருந்து முழு பூஸ்டையும் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். லொக்கில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. முதலாம், இரண்டாம் கியரில் ஆர்.பி.எம். செங்குத்தாக ஏறுகிறது, காரின் வேகம் ஆறுதலாகப் பின்னால் வருகிறது. மச்சான் இரண்டாம் கியரில் கால் எடுத்து எடுத்து மிதித்ததும் அதில் பதிந்திருந்தது. அவன் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு பூஸ்டை கியருக்குக் கியர் பிரித்தோம். முதலாம் கியரில் வேஸ்ற்கேற்றின் சுருள்வில் தருகிற 8 பி.எஸ்.ஐ. (சதுர இஞ்சிக்கு இத்தனை இறாத்தல் அழுத்தம்) மட்டும். இரண்டாமதில் 13, மூன்றாமதில் 20, நாலாமதில் டைனோவில் ஓடிய அதே 24. கிளம்பும் ஆர்.பி.எம்.-ஐயும் லிமிற்றரால் (குறித்த ஆர்.பி.எம்.-க்கு மேல் போகவிடாத ஏற்பாடு) கீழே இறக்கினோம். வலுவைக் குறைத்து வேகமாகப் போவதா என்று மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அதே ரயரில் 60 அடி 2.4-க்கு வந்தது, கால் மைல் 12.4. முடிவு வேகமும் 206-க்கு ஏறியது, ஏனென்றால் இப்போது அவன் கால் எடுக்கத் தேவையில்லை.

அடுத்தது ரயர். மென்மையான இறப்பரில் செய்த டிராக் ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத மொட்டை ரயர்) ஒரு சோடி, முன்னுக்கு. அதில் காற்று 16 பி.எஸ்.ஐ., பின்னுக்கு 40-க்கு மேல். பின் சஸ்பென்ஷனை இறுக்கி, கார் பின்னுக்குக் குந்தாமல் பார்த்துக்கொண்டோம். முன் சில்லு இழுக்கிற காருக்கு பற்றரியை பின்னுக்குக் கொண்டுபோகிற நாகரிகம் வேண்டாம், அது முன்னுக்கே இருக்கட்டும். ஓடுவதற்கு முன் சில்லைச் சுற்றவைத்துச் சூடாக்குவதும் கட்டாயம். குளிர்ந்த ஸ்லிக் சாதாரண ரயரை விட மோசம். 60 அடி 2.0, கால் மைல் 11.6, வேகம் 209. எஞ்சினில் ஒரு போல்ட்கூடக் கழற்றவில்லை. கடதாசியில் இருப்பது அதே 463-தான்.

உலகத்திலேயே வலுக்கூடிய டிராக் கார்களும் இப்படித்தான் ஓடுகின்றன. அமெரிக்காவின் டொப் ஃபியூவல் கார்களுக்கு 11,000 குதிரைக்கு மேல் என்கிறார்கள். அவற்றுக்கு கியர் மாற்றமே இல்லை. கிளச்சைப் படிப்படியாக வழுக்கவிட்டு, ரயர் தாங்குகிற அளவுக்கு மட்டும் வலுவை இறக்கிக்கொண்டு போய்ப் பாதி வழிக்குப் பிறகுதான் முழுதாகப் பூட்டுவார்கள். 2008-இலிருந்து அவை கால் மைல்கூட ஓடுவதில்லை, ஓர் ஓட்டுநர் இறந்த பிறகு தூரத்தை 1000 அடியாகக் குறைத்துவிட்டார்கள்.

இப்போது வேகம். ஏன் 215 வரவில்லை? இதற்கு லொக்கில் இரண்டு பதில் இருந்தது.

ஒன்று வெப்பம். டைனோவில் ஒவ்வொரு இழுவைக்கும் இடையில் ஃபேனைப் போட்டு ஆறவிட்டோம், உள்ளே போன காற்று 41 பாகை. ஓடுபாதையில் வரிசையில் நின்றது உச்சி வெயிலில், ஃபேனும் இல்லை, காற்றும் இல்லை. கோட்டில் நிற்கும்போதே, ரேர்போ தள்ளுகிற காற்றைக் குளிர்விக்க வேண்டிய இன்டர்கூலர் அடுப்பு மாதிரி, உள்ளே போகும் காற்று 68 பாகை. எஞ்சினைக் காப்பாற்ற அதன் கணினி இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்துவிட்டது, அதாவது பொறி விழுகிற நேரத்தைப் பிந்தவைத்தது, வலு குறைந்தது. நான் கணினியில் எழுதிக் கொடுத்த பாதுகாப்பு அது, அதைக் கழற்றினால் பிஸ்டன் போய்விடும். ஆகவே மருந்து வேறு: எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் தள்ளி வரிசையில் நகர்த்துவது, பொனற்றைத் திறந்து வைப்பது, இன்டர்கூலரில் ஐஸ் மூட்டை வைப்பது. ஐஸ் கரைந்த தண்ணீர் ரயருக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிக்காற்றையும் மறக்கக் கூடாது. 33 பாகை, 70 வீத ஈரம், கடல் மட்டம். இந்தக் காற்றின் அடர்த்தி, தரப்படுத்திய காற்றில் 2500 அடிக்கு மேல் உயரத்தில் இருப்பதற்குச் சமம். நாங்கள் நிற்பது கடற்கரையில், எஞ்சின் மூச்சு விடுவது கண்டியை விட உயரமான இடத்துக் காற்றை. சோளகம் வீசுகிற மாதங்களில் எதிர்க்காற்று இருந்தால் அதுவும் சேர்ந்து வேகத்தைத் தின்னும். வாடைக்காற்று தொடங்கிய பிறகு, மார்கழிக் காலை ஒன்றில் அதே காரை ஓட்டிப் பாருங்கள், யாரோ எஞ்சினை மாற்றிவிட்டதுபோல் இருக்கும். அதனால் நேரத்தைக் குறிக்கும்போது வெப்பம், ஈரம், காற்றின் திசை மூன்றையும் பக்கத்தில் குறித்து வைப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

மற்றப் பதில் டைனோவே மறைத்து வைத்தது. நாலாம் கியரில் ஆறுதலாக இழுக்கும்போது ரேர்போவுக்கு ஊதி எழும்ப நேரம் கிடைக்கிறது. 4800-இலேயே முழு பூஸ்ட். ஓடுபாதையில் மூன்றாம் கியருக்கு உரிய பூஸ்ட் 5900-க்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது, அதுவரைக்கும் வலு முழுதாக இல்லை. அதோடு, 8200-இல் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் ஊசி 5700-க்குக் கிட்ட விழும், மூன்றிலிருந்து நாலுக்கு 6200. இரண்டாம் கியரைத் தாண்டின பிறகு கார் 5700-க்குக் கீழே போவதே இல்லை. அப்படியென்றால் கடதாசியில் 3000-இலிருந்து 5500 வரை உள்ள அழகான மேடு யாருக்கு? றோட்டில் ஓடுபவனுக்கு. 7900-இல் ஒரு கணம் தொடுகிற உச்சி இலக்கமும் பெரிதாக உதவாது. 5700-க்கும் 8200-க்கும் இடையில் சராசரி எவ்வளவு என்பதுதான் கால் மைலைத் தீர்மானிக்கிறது.

இரண்டாம் முறை டைனோவுக்குப் போனபோது இதைத்தான் தேடினோம். கேம் கியரை (வால்வு திறக்கிற நேரத்தை மாற்றுகிற பல்லுச்சில்லு) நகர்த்தி, பூஸ்டின் வடிவத்தை மாற்றி, உச்சியை 480-இலிருந்து 468-க்கு விட்டுக் கொடுத்தோம், இரண்டுமே எஸ்.ஏ.ஈ. கணக்கில். பதிலுக்கு 6000-க்கும் 7500-க்கும் இடையில் கோடு தடித்தது. இயக்குகிற பெடியன், "அண்ணை, குறைஞ்சு போச்சே" என்று கவலைப்பட்டான். ஓடுபாதையில் ஒரு பத்திலொன்று செக்கனுக்கு மேல் குறைந்தது.

இதை வைத்து டைனோ வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எரிபொருள் கலவை, இக்னிஷன், தட்டல் இவற்றை ஓடுபாதையில் வைத்துச் சரிபண்ணுகிறவன் சீக்கிரம் எஞ்சின் வாங்கப் போவான். டைனோவில் ஒவ்வொரு படியாக ஏற்றி, ஏதாவது பிழைத்தால் உடனே நிறுத்தலாம். எங்களுக்கு 7000-இல் எஞ்சின் விக்கினதை அங்கேதான் கண்டுபிடித்தோம். பிளக் இடைவெளி பெரிது, கூடின பூஸ்டில் பொறி அணைந்துபோனது. 0.6 மில்லிமீற்றருக்குக் குறைத்ததும் சரி. கிளச் வழுக்குவதும் அங்கே தெளிவாகத் தெரியும்: ஆர்.பி.எம். ஏறும், றோலர் ஏறாது. ஆனால் ஒரே டைனோவுக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். இடம் மாறினால் இலக்கம் மாறும். பாரமான உருளையைச் சுற்றவைத்து, அது வேகமெடுக்கிற விதத்தில் வலுவைக் கணக்கிடுகிற டைனோஜெட் வகையும், பிரேக் போட்டுப் பாரம் கொடுக்கிற வகையும் ஒரே காருக்கு ஒரே பதில் சொல்லா. பட்டியை எவ்வளவு இறுக்கினார்கள், ரயரில் எவ்வளவு காற்று என்பதுகூட இலக்கத்தை அசைக்கும்.

நேரம் எடுக்கிற ஜீ.பீ.எஸ். பெட்டி பற்றியும் ஒரு வார்த்தை. அதில் "ஒரு அடி உருளல்" என்று ஒரு தெரிவு இருக்கும். உண்மையான டிராக் பாதையில் முன் சில்லு ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும், அதற்குள் கார் ஏறத்தாழ ஓர் அடி போயிருக்கும். அந்தத் தெரிவைப் போட்டால் நேரம் 0.2, 0.3 செக்கன் குறைவாகக் காட்டும். அதேபோல, டிராக் பாதையில் முடிவு வேகம் என்பது கடைசி 66 அடியின் சராசரி, பெட்டி காட்டுவது கோட்டைத் தாண்டுகிற கணத்து வேகம், அது கொஞ்சம் கூட இருக்கும். நான் மேலே சொன்ன நேரங்கள் உருளலைப் போட்டு எடுத்தவை. யாராவது நேரம் சொன்னால் எந்த முறை என்று கேளுங்கள்.

பெட்டி கையில் வந்ததும் பெடியளுக்குப் பண்ணை வீதி ஞாபகம் வரும். நேரான வீதி, இரண்டு பக்கமும் கடல், இரவில் ஆளில்லை என்பார்கள். ஆளில்லாத நேரம் என்று ஒன்று அங்கே கிடையாது. மீன்பிடிக்கப் போகிறவர், விளக்கில்லாத சைக்கிள், மாடு, எல்லாம் இருக்கும். பக்கக் காற்றும் சும்மா இருக்காது. ஸ்லிக் ரயரோடு 200-இல் போகிற காரை நிறுத்த ஓடுபாதையிலேயே தூரம் பத்துமோ என்று நான் பயப்படுகிறவன். ஹெல்மெற், ரோல்பார், தீயணைப்புக் கருவி, முடிவுக்கோட்டுக்குப் பிறகு போதிய இடம். இவை இல்லாத இடத்தில் எங்கள் கார் லொறியை விட்டு இறங்காது.

இப்போது கராஜில் நடக்கிற சண்டை அடுத்த காசை எதில் போடுவது என்பது. மச்சானுக்குப் பெரிய ரேர்போ வேண்டும், கடதாசியில் 550 பார்க்க வேண்டும். ஸ்லிக்கோடுகூட 150 கிலோமீற்றர் வரை பிடிப்புத்தான் எல்லை, வலு அல்ல என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். தலையாட்டினான், ஆனால் இன்னும் ரேர்போ விலைதான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அண்ணைக்கு எல்.எஸ்.டி. டிஃபரன்ஷியலும் (ஒரு சில்லு மட்டும் வீணாகச் சுற்றாமல் இரண்டுக்கும் வலுவைப் பிரிக்கிறது) தடித்த ட்ரைவ் ஷாஃப்டும் முதலில் வரவேண்டும். பிடிப்புக் கூடினதும் அடுத்து உடையப் போவது ஷாஃப்ட்தான் என்கிறார்.

என் கண் ஃபைனல் ட்ரைவில், அதாவது கியர்பொக்ஸின் கடைசிப் பல்லுச் சோடியின் விகிதத்தில். எங்களிடம் இருப்பது 4.4. இந்த ஸ்லிக்கில் நாலாம் கியர் 8200-இல் 197 கிலோமீற்றரோடு முடிந்துவிடுகிறது. அதனால் கோட்டுக்குக் கிட்டே வந்து ஐந்தாம் கியருக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. கார் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய இடத்தில் ஒரு கிளச் மிதி. 4.0-க்குக் கிட்டக் கிடைத்தால் நாலாம் கியரே 217 வரை கொண்டுபோகும். கிளம்பும்போது இழுவை பத்து வீதமளவில் குறையும், ஆனால் முதலாம் கியரில் மிச்சமாக இருப்பதைத்தானே நாங்களே பூஸ்டால் குறைத்து வைத்திருக்கிறோம். பல்லுச் சோடிக்கு ஆள் தேடச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தால் கியர்பொக்ஸைத் திறக்கிறபோதே அண்ணையின் எல்.எஸ்.டி.யையும் போட்டுவிடலாம், கூலி ஒன்றுதான்.